ஒரு வெங்கச்சங்கல்லும் மூணு டிகிரியும்

எங்க அக்கா பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு ஊட்டுல ஒக்காந்திருக்கா. மார்க்கு சுமார்தான், இஞ்சினியரிங் வேண்டாம்னு அவளே சொல்லிட்டா, அதுக்கே ஒரு வாரம் ஊட்டுல ஆரும் ஆருகூடவும் பேசல. போன ஞாயித்துக்கெழம ஊருக்குப் போயிருந்தப்ப கட்டுத்தாரை ஓரமா என்னைய மடக்கி, "ஏனுங் மாமா, ஜியாகரபி, ஜியாலஜி, ஹிஸ்டரி எல்லாமே எங்களுக்கு சோசியல்னு ஒரே புக்குல தான வந்துச்சு, பாறை வகைன்னு ரெண்டு பக்கம், பருவக்காத்துன்னு நாலு பக்கம், மிச்சமெல்லாம் ராஜாக்க, அதப்போயி காலேஜ்ல எதுக்கு மூணு டிகிரியா வச்சிருக்கறாங்க, எப்பிடியும் மனப்பாடம் தான?"ன்னா. நான் படிச்சது பிஎஸ்சி ஜியாகரபி, பொழப்பு ஓடறது திருப்பூர்ல பனியன் கம்பெனில. இவன்கிட்டப் போயி கேக்கறயான்னு அக்கா மூஞ்சி போன போக்கே சொல்லுச்சு. இருந்தாலும் கேட்டுட்டா, சொல்லோணுமில்ல.

வாய்ல சொன்னா வெளங்காதுன்னு இட்டேரில நடந்துக்கிட்டே கால்ல தட்டுப்பட்ட ஒரு வெள்ளக் கல்ல எடுத்து அவ கையில குடுத்தேன். வெங்கச்சங்கல்லு. நம்மூருப் பசங்க எல்லாருக்கும் தெரியும், ரெண்டு கல்ல எடுத்துட்டு இருட்டுக்குள்ள போயி ஒண்ணோட ஒண்ணு ஒரசுனா உள்ளாறவே மின்னல் மாதிரி வெளிச்சம் வரும், ஒரு கருகுன வாசம் அடிக்கும். இது என்ன கல்லு, எப்பிடி உருவாச்சுன்னு கேட்டீன்னா அது ஜியாலஜி. இது ஏன் இந்தக் காட்டுல இவ்ளோ கெடக்குது, இந்த மண்ணுல கொழுக்கட்டைப் புல்லு வருது நெல்லு ஏன் வரமாட்டீங்குதுன்னு கேட்டீன்னா ஜியாகரபி. இந்தக் கல்ல ஆராச்சும் எடுத்து ஓட்டை போட்டு மணி கோத்தாங்களா, அத ஆரு வாங்குனாங்க, நமக்கு அது எப்பிடித் தெரியும்னு கேட்டீன்னா ஹிஸ்டரி. "எப்பிடித் தெரியும்"ங்கறத மட்டும் சித்தெ நெனப்புல வச்சுக்கோ, பின்னால வருவோம்னு சொன்னேன்.

ஜியாலஜில இருந்து ஆரம்பிக்கறேன். அதுக்குன்னு ஒரு டிகிரி இருக்குதுன்னே நம்மூர்ல பாதிப்பேருக்குத் தெரியாது, ஆனா நம்மூரு அளவுக்கு ஜியாலஜி கொட்டிக் கெடக்கற எடமும் கம்மி.

எங்க அப்புச்சி தோட்டத்துல ஒரு பழைய கெணறு இருக்குதுங்க. எட்டிப் பாத்தா மேல செம்மண்ணு, அதுக்குக் கீழ வெள்ளையா முண்டு முண்டா சுக்காங்கல்லு, அதுக்கும் கீழ கையில புடிச்சு நசுக்குனா பொலபொலன்னு உதுந்துபோற பாறை, அப்பறந்தான் வெடி வெச்சு எறக்குன கெட்டிப் பாறை, அதுல கருப்பும் வெள்ளையுமா பட்டை பட்டையா கோடு ஓடும். அந்தக் கோடு போட்ட பாறைக்குப் பேரு நைஸ், இங்கிலீஷ்ல எழுதறப்ப முன்னால ஒரு ஜி வரும் ஆனா வாய்ல வராது, மொத வருச வைவால பாதிப்பேரு மாட்டறதே அங்கதான்னு ஜியாலஜி படிச்ச சிநேகிதன் சொல்லுவான். வெள்ளப்பட்டை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், அதாவது நம்ம வெங்கச்சங்கல்லும் அதோட பங்காளியும். கருப்புப்பட்டைல காக்காப்பொன்னு வகையறாவும் ஹார்ன்ப்ளெண்டுங்கற கருப்புத் தாதும் இருக்கும். பட்டை எப்பிடி வந்துச்சுன்னா, இந்தப் பாறை ஒருகாலத்துல பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல இருந்துச்சு, நம்ம பக்கத்துப் பாறைக நெறைய 20 கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துல 700 டிகிரிக்கும் மேல சூட்டுல வெந்ததுங்க, முழுசா உருகாம கெட்டியா இருக்கறப்பவே மேல இருந்து அமுக்கி பக்கத்துல இருந்து நெரிச்சு உள்ள இருக்கற தாதெல்லாம் வரிசை கட்டி நின்னுருச்சு. சப்பாத்தி மாவுல ரெண்டு கலரு கலந்து தேச்சா கோடு கோடா வருமே, அந்த மாதிரி. உருகி எறுகுனது தீப்பாறை, மண்ணும் சேறும் படிஞ்சு எறுகுனது படிவுப்பாறை, இந்த ரெண்டுல எதையாவது வேகவெச்சு அமுக்குனா உருமாறுன பாறை, மொத மாசத்துல அவ்ளோதான். கொங்குல பெரும்பகுதி இந்த மூணாவது ஜாதி.

அப்ப 20 கிலோமீட்டர் கீழ இருந்தது எங்க அப்புச்சி கெணத்துக்கு எப்பிடி வந்துச்சு? மேல இருந்த மலையெல்லாம் மழைலயும் வெயில்லயும் கரைஞ்சு ஆத்தோட போயிருச்சு, பாரம் கொறையக் கொறைய அடில இருந்தது மேல வந்துச்சு. நாம தோட்டம் போட்டு ஊடு கட்டி ஒக்காந்திருக்கறது செத்துப்போன ஒரு மலையோட அடிவயித்துல. இத மொத மொத கேட்டப்ப எனக்கு ரெண்டு நாளு தூக்கம் வரல, நம்பறதுன்னா நம்புங்க.

இதுக்கு எவ்ளோ காலம் ஆகும்னு கேட்டா, நம்ம பக்கத்துப் பாறைக பல எடத்துல சுமார் 250 கோடி வருசம் பழசு. இந்த நம்பரு மண்டைல ஏறாது, எனக்கும் ஏறல. அதுக்கு ஒரு கணக்கு சொல்றேன், 2500 வருசத்த ஒரு மில்லிமீட்டருன்னு வெச்சுக்கோங்க, குண்டூசி கனம்னு வெய்யுங்க. சங்ககாலம் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ள அடங்கிருச்சு. 1805ல தீரன் சின்னமலைய தூக்குல போட்டது மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அதே அளவுல நம்ம கெணத்துப் பாறை ஒரு கிலோமீட்டர் தூரத்துல நிக்குது, பூமி பொறந்தது 454 கோடி வருசம்னா அது இன்னும் முக்கா கிலோமீட்டருக்கு மேல தள்ளி. ஹிஸ்டரிகாரன் அந்தக் குண்டூசிக்குள்ளயே வாழ்நாள் பூரா வேலை செய்யறான், ஜியாலஜிகாரனுக்கு குண்டூசி கண்ணுக்கே தெரியாது. மூணு டிகிரியும் ஏன் தனித்தனின்னா பாதி காரணம் இதுதானுங்க, கடிகாரம் வேற.

கடிகாரம்னு சும்மா சொல்லல, நெசமாலுமே வேற கடிகாரம். ஆருகிட்ட ஒரு பழைய கல்லக் காட்டுனாலும் "கார்பன் டேட்டிங் பண்ணுனா தெரிஞ்சுரும்ல"ன்னு சொல்லுவாங்க, வாட்ஸப் குரூப்ல வாரத்துக்கு ஒருக்கா வரும். கல்லுக்கு அது ஆகாது. கார்பன் முறை உசுரோட இருந்து செத்த சாமானுக்குத்தான், கரி, நெல்லு, எலும்பு இந்த மாதிரி. உசுரு இருக்கறவரைக்கும் அதுக்குள்ள கார்பன் 14 வந்துட்டே இருக்கும், செத்ததுல இருந்து கொறைய ஆரம்பிச்சு 5730 வருசத்துல பாதியாயிரும், அதுல பாதி இன்னொரு 5730 வருசத்துல, இப்பிடியே போனா 50,000 வருசம் வாக்குல அளக்கறதுக்கே ஒண்ணும் மிஞ்சாது. பாறைக்கு வேணுங்கறது யுரேனியம். பாறைக்குள்ள சிர்கான்னு ஒரு பொடிப்பொடித் தாது இருக்கும், அது உருவாகறப்ப யுரேனியத்த உள்ள சேத்துக்கும் ஈயத்த சேத்துக்காது, அந்த யுரேனியம் மெதுமெதுவா ஈயமா மாறும், பாதி மாறறதுக்கே சுமார் 447 கோடி வருசம். இன்னிக்கு அதுக்குள்ள எவ்ளோ ஈயம் இருக்குது எவ்ளோ யுரேனியம் இருக்குதுன்னு எண்ணுனா வயசு வந்துரும். முன்னாடியே கணக்குப் போட்டு வெச்ச வட்டி மாதிரி.

போர் போடற கதைய இங்கயே சொல்லிடறேன், நம்மாளுகளுக்கு இதுதான் வேணும். பூமிக்குள்ள ஆறு ஓடுதுன்னு நம்ம பெரியவங்க நெனச்சுக்கிட்டு இருக்கறாங்க, தேங்கா வெச்சு நீரோட்டம் பாக்கறவரு வந்து கைல தேங்கா நிமிந்துச்சுன்னு எடம் காட்டுவாரு, ஆயிரம் அடி போட்டு பொகைதான் வரும், அதுக்கப்பறம் பக்கத்துக் காட்டுக்காரனுக்கு முந்நூறு அடில தண்ணி வந்துருச்சுன்னு பொருமுவோம். விசயம் என்னன்னா நைஸும், சார்னகைட்டுன்னு நம்ம பக்கம் இருக்கற இன்னொரு கெட்டிப் பாறையும் மணலு மாதிரி தண்ணிய உறிஞ்சி வெக்காது, கெட்டியான பாறைக்குள்ள தண்ணி நிக்க எடமே இல்ல. மேல இருக்கற உதுந்த பாறைலயும், அதுக்குக் கீழ வெடிப்பு இருந்தா அந்த வெடிப்புலயும் மட்டுந்தான் நிக்கும். வெடிப்பு குறுக்க வந்தா தண்ணி, வரலைன்னா பொகை. ஆழம் போகப்போக மேல இருக்கற பாரத்துல வெடிப்பு மூடிக்கும், அதனால ஆயிரத்துக்கு வரலீன்னா ஆயிரத்தைந்நூறுக்குப் போலாம்ங்கறது காச தீ வெக்கற வேலை. இத மொத வருசத்துப் புக்குல ஒரு பக்கத்துல போட்டிருப்பாங்க, அந்த ஒரு பக்கத்த எங்க அப்புச்சி படிச்சிருந்தா மூணு போரு மிச்சமாயிருக்கும்.

அப்பறம் நம்ம பக்கத்துக் கல்லுக பெருமை கொஞ்சம். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டின்னு ஒரு ஊரு, அங்க அனார்தோசைட்னு ஒரு பாறை இருக்குது. நிலாவுல வெள்ளையாத் தெரியுதில்ல, அந்த மேட்டுப்பகுதி பூரா இந்த ஜாதிப் பாறைதான். அதனால சந்திரயான் 2க்கு இங்க பூமியிலயே ஓட்டிப் பாக்கறதுக்கு நிலா மண்ணு வேணும்னு இஸ்ரோ தேடுனப்ப, சித்தம்பூண்டி, குன்னமலைன்னு நாமக்கல் ஊருகள்ல இருந்துதான் கல்லு எடுத்துட்டுப் போயி அரைச்சாங்க. இந்தப்பக்கம் காங்கயத்துக்கிட்ட சிவன்மலை, அங்க நெஃபலின் சையனைட்னு ஒரு பாறை, அதுல வெங்கச்சங்கல்லு இருக்காது. நெஃபலின்ங்கற தாது வர்ற உருகுன கொழம்புல குவார்ட்ஸும் சேந்து வர முடியாது, குவார்ட்ஸுக்கு மூலச்சரக்கான சிலிக்கா பத்தாக்குறை, இருக்கற சிலிக்காவெல்லாம் அதுவே தின்னுரும். மதுக்கரைல சிமெண்டுக்கு வெட்டற சுண்ணாம்புக்கல்லு ஒருகாலத்துல கடலுக்கு அடில படிஞ்சது, அப்பறம் வெந்து பளிங்கு மாதிரி ஆயிருச்சு. கோயமுத்தூர்க்காரங்க கடல் பாக்கணும்னா பாலக்காடு தாண்டிப் போறாங்க, பஸ்ஸு போற வழிலயே ஒரு செத்த கடல் கெடக்குது.

மொத வருசத்துல என்ன செய்வாங்கன்னு கேட்டா, கல்ல கையில குடுத்து இது என்னன்னு சொல்லச் சொல்லுவாங்க. நெறத்த நம்பக்கூடாது, அழுக்கு ஏமாத்தும். மெழுகு பூசாத ஓட்டுல ஒரசி என்ன கலருல கோடு விழுதுன்னு பாக்கோணும், பாத்ரூம் டைல்ஸோட பின்பக்கம் போதும் இதுக்கு. கண்ணாடிய கீறுதா கத்தி அதக் கீறுதான்னு பாக்கோணும், மோஸ் அளவுன்னு ஒண்ணு இருக்குது, 1812ல வந்தது, ஒண்ணுல டால்க்கு, பத்துல வைரம், வெங்கச்சங்கல்லு ஏழு, கண்ணாடி அஞ்சரை வாக்குல. சுக்காங்கல்லு மேல எலுமிச்சம்பழத்த புழிஞ்சா நொரைக்கும், வெங்கச்சங்கல்லு மேல புழிஞ்சா ஒண்ணும் ஆகாது. அப்பறம் மரத்துல செஞ்ச கிரிஸ்டல் மாடலக் குடுத்து இதுக்கு எத்தன முகம், எந்த அச்சுல சுத்துனா ஒரேமாதிரி தெரியும்னு கேப்பாங்க, அது கணக்கு வராதவனுக்கு நரகம். பாசில் பாக்கறதுக்கு அரியலூருக்குக் கூட்டிட்டுப் போவாங்க, நம்மூருப் பாறைல பாசில் கெடைக்காது, இருந்திருந்தாலும் வெந்திருக்கும்.

ஜியாகரபிக்கு வர்றேன். இதுல எனக்கு கொஞ்சம் கோவமும் இருக்குது, ஊர்ல ஆரப் பாத்தாலும் "ஜியாகரபியா, அப்ப மங்கோலியா தலைநகரம் சொல்லு"ம்பாங்க. தலைநகரம் ஒரு பேப்பர்லயும் கேக்கல.

ஜியாகரபி கேக்கறது ஒண்ணே ஒண்ணு, ஏன் இங்க, ஏன் அங்க இல்ல. பல்லடத்துல நின்னு ஆடி மாசம் மேக்கால பாருங்க, வேட்டி நிக்காது, கண்ணுக்கு எட்டுன தூரம் காத்தாலை. அவினாசிக்கு வடக்க போனா அவ்ளோ இல்ல. ஏன்? மேற்குத்தொடர்ச்சி மலை கிட்டத்தட்ட செவுரு மாதிரி நிக்குது, வடக்க நீலகிரி, அதுல தொட்டபெட்டா 2637 மீட்டர், தெக்க ஆனமலை, அதுவும் 2000 மீட்டரத் தாண்டும், நடுவுல பாலக்காட்டுக்கிட்ட சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு ஓட்டை. தென்மேற்குப் பருவக்காத்து அந்த ஓட்டை வழியா பிச்சுக்கிட்டு வருது, கதவு பாதி தெறந்து வெச்சா காத்து இன்னும் வேகமா வரும்ல அந்த மாதிரி. அதே ஓட்டை வழியாத்தான் ரயிலும் போகுது, ஹைவேயும் போகுது, தேங்காயும் போகுது. அந்த ஓட்டை ஏன் வந்துச்சுன்னு கேட்டா மறுபடி ஜியாலஜிகாரன்கிட்டப் போகோணும், பூமிக்குள்ள ரொம்பப் பெரிய நெரிசல் மண்டலம் ஒண்ணு பாலக்காட்டுல இருந்து காவேரி வரைக்கும் ஓடுதுன்னு சொல்லுவான், அதுக்கும் ஓட்டைக்கும் என்ன சம்பந்தம்னு அவங்களுக்குள்ளயே இன்னும் சண்ட தீரல.

மழைக்கும் இதே கதை. காத்து மலைமேல ஏறுனா குளுந்துரும், சராசரியா 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி கொறையும். கோயமுத்தூரு சுமார் 410 மீட்டர், ஊட்டி சுமார் 2240, வித்தியாசம் 1830, பெருக்கிப் பாத்தா 12 டிகிரி வாக்குல, கோயமுத்தூர்ல 35ன்னா ஊட்டில 23. கணக்கு கரெக்டா வருதில்ல. குளுந்த காத்து தண்ணிய தாங்க முடியாம வால்பாறைப் பக்கமெல்லாம் கொட்டித் தீத்துரும், அந்தப்பக்கம் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யற எடங்கள்ல ஒண்ணு, மலையத் தாண்டி நம்ம பக்கம் எறங்கறப்ப மறுபடி சூடாயி மேகம் கரைஞ்சு போயிரும். அதனால காங்கயத்துக்கு வெறும் காத்துதான். நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான். மழை கம்மியா இருக்கறதுனாலதான் காங்கயத்துக்காரங்க கொறங்காடு வெச்சிருக்கறாங்க, கிளுவை வேலி சுத்தி நட்டு, உள்ள கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு, மாட்ட அடைச்சு மேய்ச்சாங்க, காங்கயம் காளை அதுல வந்ததுதான். மழைல இருந்து மாட்டுக்கு வந்துட்டம் பாருங்க, இப்பிடிக் கோத்துக்கிட்டே போறதுதான் ஜியாகரபி.

இன்னொண்ணு, கரிசல் மண்ணுன்னா எரிமலைக் கொழம்புல இருந்து வந்ததுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, அது மகாராஷ்டிரா பக்கத்துக்கு. நம்மூருக் கரிசலு எரிமலைல இருந்து வரல, இங்கயே இருந்த இரும்புச்சத்து இருக்கற நைஸ், சிஸ்ட் பாறை காஞ்ச வெயில்ல மக்கி வந்தது. கோயமுத்தூர்க்காரங்க பருத்தி போட்டதும் மில்லு வெச்சதும் அந்த மண்ணுலதான் ஆரம்பிக்குது, 1888ல மொத மில்லு, அப்பறம் 1930கள்ல பைக்காரா கரண்டு வந்ததும் மழைக்குக் காளான் மாதிரி. அப்பறம் திருப்பூரு, அப்பறம் சாயம், அப்பறம் அந்தச் சாயத்தண்ணி கலந்த நொய்யலு ஆறு. 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைய எல்லாம் மூடச் சொன்னுச்சு. என் சோறும் அதுலதான் வேகுது, இதுக்கு மேல பேச எனக்கு வாயில்ல.

மொத வருசத்துல கையில ஒரு டோப்போ ஷீட்டு குடுப்பாங்க, சர்வே ஆஃப் இந்தியா மேப்பு, ரெண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அதுல காப்பிக்கலர்ல கோடு கோடா இருக்கும், அது காண்டூர், ஒரே ஒசரத்துல இருக்கற எடத்தையெல்லாம் சேத்துப் போட்ட கோடு, ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் 20 மீட்டர். கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித்தள்ளி இருந்தா சமதளம். வெள்ளிங்கிரிப் பக்கம் தலைமுடி மாதிரி நெருக்கமா இருக்கும், பல்லடத்துக்குப் போனா கோட்டையே தேடோணும். இதப் படிக்கப் பழகிட்டா ஊரப் பாக்கற கண்ணே மாறிரும். காலிங்கராயன் வாய்க்கா தெரியுமில்ல, பவானில இருந்து நொய்யலு வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு சுமார் 90 கிலோமீட்டர் ஓடுது. ஏன் இப்பிடி வளையுதுன்னா, பாம்பு ஊந்து வழிகாட்டுச்சு, அந்தத் தடத்துலயே வெட்டுனாங்கன்னு எங்க அம்முச்சி சொல்லும். காண்டூர் தெரிஞ்சவன் மேப்பப் பாத்தா சிரிச்சுருவான், தண்ணி தானா ஓடோணும்னா வாய்க்கா ஏறவும் கூடாது படக்குன்னு எறங்கவும் கூடாது, ஒரே மட்டத்த ஒட்டி துளித்துளியா எறங்கிக்கிட்டே போகோணும், அப்பிடிப் போனா வளைஞ்சுதான் ஆகோணும். 13ஆம் நூற்றாண்டுல, இன்னிக்கு இருக்கற கருவி ஒண்ணுமில்லாத காலத்துல, மட்டம் புடிச்சு வெட்டியிருக்கறாங்க. எனக்கென்னமோ பாம்பக் காட்டியும் இதுதான் ஆச்சரியம்.

ஆனா ஹிஸ்டரி படிக்கறவன் அந்தப் பாம்பையும் தூக்கிப் போடமாட்டான். அவனுக்கு அதுவும் சரக்குதான், இந்தக் கதை எப்ப இருந்து சொல்றாங்க, ஆரு சொல்றாங்க, எதுக்கு சொல்றாங்க. காலேஜ் ஹிஸ்டரி மொத வருசத்துல சொல்லித் தர்றது ராஜா பேரில்ல, "எப்பிடித் தெரியும்"ங்கறதத்தான், அதத்தான் நெனப்புல வச்சுக்கச் சொன்னேன். சின்னமலை கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், மைசூருக்குப் போன வரிப்பணத்தப் புடுங்கிட்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவால ஒரு சின்னமலை எடுத்துட்டான்னு போயி சொல்லுன்னு அனுப்புனாருன்னு. 1805ல சங்ககிரில தூக்குல போட்டாங்கங்கறதும் நமக்குத் தெரியும். ரெண்டையும் நாம ஒரே மூச்சுல சொல்றோம், ஆனா ரெண்டும் நம்மகிட்ட ஒரே வழில வந்து சேந்துச்சான்னு பாக்கோணும், வரிப்பணக் கதை பாட்டாவும் பேச்சாவும் வந்தது. வாத்தியாரு கேக்கறது அத எந்த வகைல சேக்கறதுன்னுதான். பேச்சா வந்ததுன்னா பொய்யின்னு அர்த்தமில்ல, எழுத்துல இருந்தா நெசம்னும் அர்த்தமில்ல. 1799ல திப்பு செத்ததுக்கு அடுத்த வருசம் புக்கானன்னு ஒரு வெள்ளக்கார டாக்டரு கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பி நம்ம பக்கமெல்லாம் சுத்திட்டுப் போனாரு, மண்ணு, கெணறு, தறி, வரி ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கறாரு. தங்கமான தகவலு. ஆனா அவருக்கு சம்பளம் குடுத்தவங்க புதுசா புடிச்ச நாட்டுல என்ன தேறும்னு பாக்கறதுக்கு அனுப்புனாங்க, அத மறந்துட்டுப் படிச்சா அவரு கண்ணுலதான் நாமளும் நம்மூரப் பாப்போம்.

இப்ப கையில இருக்கற கல்லுக்கு வர்றேன். சென்னிமலைக்கிட்ட நொய்யலுக்கு வடகரைல கொடுமணல்னு ஒரு ஊரு. 1980கள்ல இருந்து தோண்டறாங்க. குவார்ட்ஸ், பெரில், சூதுபவளம்னு கல்லுமணி, முழுசா செஞ்சது, பாதி செஞ்சது, ஓட்டை போடறப்ப ஒடஞ்சது எல்லாமே கெடைச்சுது. ஒடஞ்சதுதான் முக்கியம், வெளியூர்ல இருந்து வாங்கி வந்திருந்தா ஒடஞ்சது இருக்காது, இங்கயே பட்டறை இருந்துச்சுன்னு அதுலதான் தெரியுது. இரும்பு உருக்குன உலை, தமிழ் பிராமில பேரு கீறுன பானை ஓடு நூத்துக்கணக்குல. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு நல்ல அணிகலனுக்குப் பேரு வாங்குன ஊரு ஒண்ணு வருது, அது இதுதான்னு சொல்றாங்க. தோண்டறப்ப கீழ இருக்கற அடுக்கு பழசு மேல இருக்கறது புதுசுன்னு வெச்சுத்தான் எல்லாக் கணக்கும். இந்த விதிய 1669ல ஸ்டெனோன்னு ஒருத்தரு எழுதுனது பாறை அடுக்குக்கு, அதாவது ஜியாலஜிக்கு. தொல்லியல்காரங்க கடன் வாங்கிக்கிட்டாங்க.

பெரில் எங்க இருந்து வந்துச்சு? கொஞ்ச தூரத்துல படியூரு. காங்கயத்துல இருந்து திருப்பூரு போற ரோட்டுல டீ குடிக்க நிறுத்துவோமே அதே ஊரு. அங்க பெக்மடைட்டுன்னு ஒரு பாறை இருக்குது, கொழம்பு எறுகறப்ப கடைசில மிஞ்சற தண்ணியான பங்கு அது, வேற எந்தத் தாதும் சேத்துக்காத பெரிலியம் மாதிரி சரக்கெல்லாம் அதுலதான் தங்கும், பெரிய பெரிய படிகமா வளரும். நீலமா இருந்தா அக்வாமரின். பெரில் பெரும்பாலும் இந்தியால இருந்துதான் வருதுன்னு ரோமாபுரில பிளினின்னு ஒருத்தரு அந்தக் காலத்துலயே எழுதி வெச்சாரு. கோயமுத்தூரு வெள்ளலூர்ல ரோமானியக் காசு குவியல் குவியலா கெடைச்சிருக்குது. மேக்குக் கடற்கரைத் தொறமுகத்துல இருந்து கரூருக்கு வரோணும்னா அந்தப் பாலக்காட்டு ஓட்டைதான் வழி, பின்னால அந்த வழிக்கு ராசகேசரிப் பெருவழின்னு பேரு வெட்டுன கல்வெட்டு சுண்டக்காமுத்தூருக்கிட்ட இருக்குது. ஆக கல்லு ஏன் படியூர்ல இருக்குதுன்னு ஒருத்தன் சொல்லோணும், பட்டறை ஏன் இந்த ஆத்தங்கரைல இந்தப் பாதைல வந்துச்சுன்னு இன்னொருத்தன் சொல்லோணும், ஆரு செஞ்சாங்க ஆரு வாங்குனாங்கன்னு மூணாவது ஆளு. ஒருத்தன் வரலீன்னாலும் கொடுமணல் கதைல ஒரு காலு ஒடஞ்சுரும். எனக்கு காலேஜ் மொத வருசத்துல இத ஆரும் இப்பிடிக் கோத்து சொல்லல, டெல்டான்னா என்னன்னு அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு வந்துட்டேன்.

வேலை என்ன கெடைக்கும்னு அக்கா கேட்டுது, கேக்காம இருக்குமா. ஜியாலஜின்னா யூபிஎஸ்சி நடத்தற ஜியோ சயின்டிஸ்ட் பரிச்சை இருக்குது, அதுக்கு எம்எஸ்சி படிக்கோணும், மொத டிகிரில சேர்றதுக்கே பெரும்பாலும் பிளஸ் டூல சயின்ஸ் குரூப்பு கேப்பாங்க. ஜியாகரபின்னா ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர்ல மேப்பு போடறது, கத்துக்கிட்டா சோறு உண்டு, கத்துக்கலீன்னா பனியன் கம்பெனி. ஹிஸ்டரின்னா டீஎன்பிஎஸ்சிக்கு கை குடுக்கும், கல்வெட்டுப் படிக்கப் பழகுனா தொல்லியல் பக்கம் போலாம், ஆளு ரொம்பக் கம்மி. இதுக்கு மேல நான் வாக்கு குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு அக்கா போனு. எடுத்ததும் திட்டுதான். அந்தப் பொண்ணு நான் குடுத்த கல்ல வெச்சு ஹால்ல இருக்கற புது டீப்பாய் கண்ணாடில ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துப் பாத்திருக்கறா, நல்லா ஆழமா கோடு விழுந்திருச்சாமா. அப்ப அது வெங்கச்சங்கல்லுதானுங் அக்கான்னேன், போன வெச்சுருச்சு.